சானி கணவாய்க்கு ஒரு வண்டித்தொடர்ப் பயணம்: ஏற்றத்தில் அக்கறை, இறக்கத்தில் அவசரம்

கடந்த ஏப்ரல் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கரடுமுரடான மலைப்பாதைகளில் குழுவாக வண்டியோட்டிச் செல்லும் பயணங்களை நடத்தித் தரும் ஒரு நிறுவனத்துடன் சேர்ந்து, தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நத்தால் மாகாணத்திலிருந்து லெசோத்தோ நாட்டுக்கு ஏறும் சானி கணவாய்க்குச் சென்று வந்தோம். டர்பன் நகரின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் நான்கு சக்கர இயக்கம் கொண்ட பக்கி, அதாவது பின்புறம் சரக்குத் தட்டு உள்ள வண்டி, ஒன்று நிற்கிறது. ஆனால் அந்த இயக்கத்தை ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்காதவர்களே அவர்களில் மிகுதி. அவர்களில் யாரேனும் இப்படிப்பட்ட பயணத்துக்குப் பணம் கட்டலாமா என்று யோசித்தால், எதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. நான் கண்ட குறைகளை அவர்களுக்கே கடிதமாக எழுதிவிட்டேன். அவர்கள் தந்த பதிலையும் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் வண்டி டர்போ டீசல் இயந்திரம் கொண்ட இரட்டைக் கேபின் பக்கி. அதை ஓட்டியது நான். பக்கத்தில் என் கணவர் இருந்தார். பின்னிருக்கையில் எழுபத்து நான்கு வயதான என் மாமியாரும் நாத்தனார் மகனும் இருந்தார்கள். எங்களுக்குப் பின்னால் என் அண்ணன் குடும்பம் தனி வண்டியில் வந்தது. நிறுவனம் கேட்ட கட்டணம் ஒரு வண்டிக்கு 1,800 ராண்டு. வழிகாட்டியின் சேவை, வண்டிகள் தமக்குள் பேசிக்கொள்ள நாள் முழுவதற்கும் ஒரு வானொலிக் கருவி, காலைத் தேநீர் ஆகியவை அதில் அடங்கும். மதிய உணவும், எல்லையில் லெசோத்தோ பக்கத்தில் வாங்கப்படும் சாலைக் கட்டணமும் தனி. நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பத்துக்கு இது மிகையான தொகை அன்று. ஏறும் பாதியில் கிடைத்த கவனிப்பு அந்தத் தொகைக்கு மேலாகவே இருந்தது. இறங்கும் பாதியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

முன்பதிவு செய்தவுடனேயே அவர்கள் அனுப்பிய குறிப்புக் கடிதம் மிக நன்றாக இருந்தது. கடவுச்சீட்டு வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடனில் வாங்கிய வண்டியை நாட்டின் எல்லைக்கு வெளியே கொண்டுசெல்ல வங்கியின் அனுமதிக் கடிதம் தேவை என்பதும், பெற்றோர் உடன் வராத பிள்ளையை அழைத்துச் செல்வதானால் பிறப்புச் சான்றிதழையும் பெற்றோரின் சம்மதக் கடிதத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதும் பலருக்கு எல்லையில் போய் நின்ற பிறகுதான் தெரியவரும். எங்களுடன் வந்த பையனுக்காக என் நாத்தனாரிடமும் அவர் கணவரிடமும் கையெழுத்து வாங்கி வைத்தது அந்தக் குறிப்பைப் படித்ததால்தான். இரு நாட்டுக் குடிநுழைவு அலுவலகங்களும் காலை 6 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடும் என்பதையும் தடித்த எழுத்தில் எழுதியிருந்தார்கள். இந்த மாலை 6 மணி பின்னால் முக்கியமாகப் போகிறது.

விடியற்காலை நான்கரை மணிக்குச் சாட்ஸ்வர்த்திலிருந்து புறப்பட்டோம். என்3 நெடுஞ்சாலையில் பீட்டர்மரிட்ஸ்பர்க்கைத் தாண்டி, ஹோவிக் அருகே ஆர்617 சாலையில் திரும்பி, புல்வர் வழியாக அண்டர்பெர்க்கையும், அதை அடுத்துள்ள ஹிமவில் என்ற சிற்றூரையும் ஏழரை மணிக்கு அடைந்தோம். மாமியார் முந்தைய இரவே கட்டிவைத்த புளிச்சோற்றையும் அவித்த முட்டையையும் வண்டியிலேயே சாப்பிட்டு முடித்திருந்தோம். புல்வரைத் தாண்டியதும் மேற்கே டிராக்கன்ஸ்பெர்க் மலைச்சுவர் தெரியத் தொடங்கிவிடும். சூலு மொழியில் இதை உகாஹ்லாம்பா என்கிறார்கள்; நட்டு நிறுத்திய ஈட்டிகளின் அரண் என்பது அதன் பொருள். இளவெயிலில் அந்தச் சிகர வரிசையைப் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பெயருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

பயணத்துக்கு முந்தைய விளக்க உரை ஹிமவிலில், ஒரு திறந்த வெளியில் வண்டிகளை அரைவட்டமாக நிறுத்திவைத்து நடந்தது. இந்தச் சேவையின் ஆகச் சிறந்த பகுதி எது என்று கேட்டால் தயங்காமல் இந்த ஒரு மணி நேரத்தைத்தான் சொல்வேன். தலைமை வழிகாட்டி பல ஆண்டுகளாக இந்தக் கணவாயில் வண்டியோட்டியவர். வீரக் கதைகள் எதுவும் பேசாமல் நேரே செயலுக்கு வந்தார். முதலில் டயர்களின் காற்றைக் குறைக்கச் சொன்னார். தார்ச்சாலையில் 2.2 பார் அழுத்தம் வைத்திருந்த நாங்கள் 1.8 பாருக்கு இறக்கினோம். காற்று குறைந்த டயர் தரையில் நீளமாகப் படிகிறது, அதனால் பிடிப்பு கூடுகிறது. கூரான கல்லின்மேல் ஏறும்போது விறைத்து நின்று கிழிபடாமல் கல்லைச் சுற்றி மடிந்துகொடுக்கிறது. மாலையில் தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மறுபடியும் காற்றை நிரப்பாமல் வேகமாக ஓட்டினால் அதே டயர் சூடேறி வெடிக்கக்கூடும் என்பதையும் உடனே சொன்னார். ஒரு செயலைச் சொல்லும்போதே அதைத் திருப்பிச் செய்ய வேண்டிய இடத்தையும் சொல்லிவிடுவது நல்ல ஆசிரியரின் பழக்கம். வார இறுதியில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தரும் எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அடுத்து, லோ ரேஞ்ச் என்பது என்ன என்று விளக்கினார். ஒவ்வொரு கியரின் வேகத்தையும் குறைத்து, அந்த அளவுக்குச் சக்கரத்தின் திருப்பு விசையைக் கூட்டித் தரும் துணைப் பற்சக்கர அமைப்பு அது. அதில் முதல் கியரில் வண்டி நடை வேகத்தில் ஊர்ந்து ஏறும். கிளட்சை அரைகுறையாக மிதித்துப் பிடித்து எரித்துவிட வேண்டிய தேவை வராது. வண்டி திணறி நின்றுவிட்டால் பதறிப்போய் நியூட்ரலுக்குத் தள்ளாமல், பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு பின்கியரைப் போட்டு, வந்த தடத்திலேயே நேராகப் பின்னோக்கி இறங்க வேண்டும். பக்கவாட்டில் திருப்பினால் சரிவில் உருண்டுவிடும். இதை எங்கள் ஒவ்வொருவரையும் ஒரு சிறு மேட்டில் செய்துபார்க்க வைத்தார். இந்தப் பயிற்சி இல்லாமல் ஏறியிருந்தால், பின்னால் ஓர் இடத்தில் என் இயந்திரம் நின்றபோது நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

இழுவைப் பட்டையைப் பற்றி அவர் பேசியபோது குரல் சற்றுக் கடுமையாக மாறியது. சிக்கிக்கொண்ட வண்டியை இழுக்கப் பயன்படும் அந்தப் பட்டை ரப்பரைப் போல நீண்டு சக்தியைச் சேர்த்து வைக்கக்கூடியது. அதை டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொக்கியில் மாட்டி இழுத்தால், கொக்கி முறிந்து துப்பாக்கிக் குண்டுபோலப் பாய்ந்து ஆளைக் கொன்றுவிடும். சட்டத்துடன் இணைந்த இழுவை வளையத்தில் மட்டுமே மாட்ட வேண்டும். பட்டை விறைக்கும்போது ஓட்டுநர்கள் இருவரைத் தவிர வேறெவரும் அருகில் நிற்கக் கூடாது. பதினொரு வண்டிகளின் முன்புறத்தையும் பின்புறத்தையும் அவரே குனிந்து பார்த்து, எங்கே மாட்ட வேண்டும் என்று சாக்குக்கட்டியால் குறியிட்டார்.

இதே இடத்தில்தான் முதல் குறையும் தொடங்கியது. விளம்பரத்தில் அதிகபட்சம் எட்டு வண்டிகள் என்று எழுதியிருந்தார்கள். வந்திருந்தவை பதினொன்று. எண்ணிக்கை மூன்று கூடினால் என்ன என்று தோன்றலாம். குறுகிய மலைப்பாதையில் ஒவ்வொரு வண்டியும் முன்வண்டி வளைவைத் தாண்டும்வரை காத்திருக்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு கூடுதல் வண்டியும் ஒவ்வொரு வளைவிலும் நேரத்தைத் தின்னும். அந்த நேரம் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதை மாலையில் கண்டோம். இன்னொரு குறை இதைவிடப் பெரியது. இழுவை வளையங்களை அத்தனை கவனமாகப் பார்த்தவர், வண்டிகளின் தகுதியை அதே கவனத்துடன் பார்க்கவில்லை. ஒரு குடும்பம் நகரச் சாலைக்கான டயர்களோடு, லோ ரேஞ்ச் இல்லாத ஒரு காரில் வந்திருந்தது. நான்கு சக்கரங்களும் இயங்குகிற வண்டி என்பதால் எல்லைக் காவலர்கள் அதை விட்டுவிடுவார்கள். தென்னாப்பிரிக்க எல்லை நிலையத்துக்கு மேலே நான்கு சக்கர இயக்கம் இல்லாத வண்டிகளுக்குத்தான் அனுமதி இல்லை. ஆனால் காவலர் விடுவது வேறு, வழிகாட்டி ஏற்பது வேறு. பணம் வாங்கிக்கொண்டு பிறருடைய பாதுகாப்பைப் பொறுப்பேற்றவர் அந்தக் காரை ஹிமவிலிலேயே நிறுத்தச் சொல்லி, அந்தக் குடும்பத்தைத் தம் வண்டியிலோ வேறு வண்டியிலோ ஏற்றியிருக்க வேண்டும்.

ஹிமவிலிலிருந்து கணவாயின் அடிவாரம் வரையுள்ள சாலையைத் தார்ச்சாலையாக மாற்றும் வேலை ஆண்டுக்கணக்காக நடந்துவருகிறது. அதைக் கடந்து ம்கோமஸானா ஆற்றை ஒட்டிச் சென்று, தென்னாப்பிரிக்க எல்லை நிலையத்தில் முத்திரை வாங்கியபோது மணி பத்தை நெருங்கியிருந்தது. இங்கிருந்து உச்சியில் உள்ள லெசோத்தோ நிலையம் வரை ஏறத்தாழ 8 கிலோமீட்டர். இரண்டு நாடுகளின் வாயில்களுக்கு நடுவே இப்படி ஒரு மலையே கிடப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

தமிழ்நாட்டுக்குப் போய்வந்த நம்மவர்கள் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை வியந்து பேசுவார்கள். நானும் அந்த மலையில் ஏறியிருக்கிறேன். அங்கே வளைவுகள் அதிகம் என்றாலும் சக்கரத்துக்குக் கீழே தார் இருக்கிறது, விளிம்பில் சுவர் இருக்கிறது. சானியில் இரண்டும் இல்லை. மழைநீர் அறுத்த சால்கள், உருண்டு கிடக்கும் கருங்கற்கள், சிற்றோடை குறுக்கே ஓடும் ஈரப் பாறைகள் ஆகியவைதான் பாதை. மிகச் செங்குத்தான இடங்களில் மூன்றடிக்கு ஓரடி ஏற்றம் என்று சொல்லப்படுகிறது. உச்சியின் உயரம் 2,876 மீட்டர். தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர், தென்னிந்தியாவின் உயர்ந்த சிகரமான ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். எனவே இந்தக் கணவாய் அவை இரண்டையும் விட உயர்ந்தது. கடலோரத்து வீட்டில் கண்விழித்து அதே நாள் நண்பகலில் அந்த உயரத்தில் நிற்பது உடம்புக்கும் இயந்திரத்துக்கும் ஒரு சோதனைதான். உயரத்தில் காற்று மெலிவதால், டர்போ இல்லாத இயந்திரம் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் தன் வலிமையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை இழக்கும். மேலே போகப் போக, தங்கள் பழைய பெட்ரோல் வண்டிக்கு ஏதோ கோளாறு வந்துவிட்டது என்று எங்களுக்கு முன்னால் சென்றவர்கள் வானொலியில் கவலைப்பட்டபோது, வழிகாட்டி இதைத்தான் விளக்கி அவர்களை அமைதிப்படுத்தினார்.

வண்டித்தொடரின் விதி எளியது. ஒவ்வோர் ஓட்டுநரும் தமக்குப் பின்னால் வரும் வண்டியைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அது தெரியவில்லை என்றால் நிற்க வேண்டும். முன்னால் போகிறவரைத் துரத்துவதல்ல, பின்னால் வருகிறவரைக் காப்பதே தொடரில் ஓட்டுபவரின் வேலை என்று வழிகாட்டி சொன்னார். எல்லாருக்கும் கடைசியாக, பழுதுபார்க்கும் கருவிகளும் காற்றடிக்கும் பம்பும் ஏற்றிய வண்டியில் உதவியாளர் ஒருவர் வந்தார். அவர் ஃபீனிக்ஸைச் சேர்ந்த தமிழர். முப்பது வயதுக்குள் இருப்பார். எங்கள் வண்டி கடைசியிலிருந்து நான்காவதாகச் சென்றதால் அவருடைய வேலையை நன்றாகப் பார்க்க முடிந்தது. இந்தச் சேவைக்கு நான் தரும் மதிப்பில் பாதி அவருக்கு உரியது.

மேல்பாதியில் வளைவுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டதுபோல் நெருங்கிவிடுகின்றன. அவற்றுக்கு ஓட்டுநர்கள் வைத்த பெயர்கள் உண்டு. குளிர்காலத்தில் நிழலிலேயே கிடந்து உறைந்துவிடும் ஒன்றை ஐஸ் கார்னர் என்கிறார்கள். அந்த வளைவுக்குச் சற்றுக் கீழேதான் என் இயந்திரம் நின்றது. ஒரு பெரிய கல்லைத் தவிர்க்க எண்ணி வேகத்தைக் குறைத்தேன். குறைத்திருக்கக் கூடாத இடம் அது. வண்டி ஒரு நொடி பின்னால் நழுவியது. மாமியார் முருகா என்றார்; வேறெதுவும் பேசவில்லை. பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டிருந்தபோது உதவியாளர் நடந்தே மேலே வந்து சன்னல் அருகே நின்றார்.

“அக்கா, ஒண்ணும் அவசரமில்ல. நீங்க சொல்ற வரைக்கும் எல்லாரும் நிப்பாங்க. மூச்சு விட்டுக்கிட்டு, பின்கியர் போட்டு நேரா வாங்க,” என்றவர், பின்னிருக்கையைப் பார்த்து, “ஆயா, பயப்படாதீங்க, அக்கா நல்லா ஓட்டறாங்க,” என்றார்.

மூன்று மீட்டர் பின்னால் இறங்கி, அவர் கை காட்டிய தடத்தில் சக்கரத்தை வைத்து மீண்டும் ஏறினேன். கல்லைத் தவிர்ப்பதற்குப் பதிலாகக் கல்லின்மேலேயே ஒரு சக்கரத்தை ஏற்றச் சொன்னார். சக்கரங்களுக்கு நடுவே விட்டால் வண்டியின் அடிவயிறு அடிபடும், சக்கரத்தின்கீழ் விட்டால் வண்டி உயர்ந்து கடந்துவிடும் என்பது எழுத்தில் படித்தால் சாதாரணமாக இருக்கும். சன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கு மட்டுமே தெரியும் இடத்தில் கையை நிதானமாக வைத்துக்கொண்டு அதைச் செய்வதற்கு அப்படி ஒரு மனிதர் அருகில் வேண்டும்.

நான் எதிர்பார்த்தபடியே, லோ ரேஞ்ச் இல்லாத அந்தக் கார் இரண்டு வளைவுகளுக்கு மேலே சிக்கியது. முன்சக்கரம் ஒன்று காற்றில் சுழல, பின்சக்கரம் சரளையில் குழி பறித்தது. மீட்பு வேலை முறையாகவும் அமைதியாகவும் நடந்தது: ஆட்கள் விலக்கப்பட்டார்கள், பட்டை சரியான வளையத்தில் மாட்டப்பட்டது, பட்டையின் நடுவில் ஓர் ஈரப் போர்வை போடப்பட்டது, அது அறுந்தாலும் சாட்டைபோல் வீசாமல் கீழே விழும் என்பதற்காக. ஆனால் அதற்கு நாற்பது நிமிடங்கள் ஆயின. அதற்குள் கீழிருந்து ஏறிவந்த லெசோத்தோ வாடகைச் சிற்றுந்து ஒன்று எங்கள் தொடருக்குப் பின்னால் வந்து நின்றது. கூரையின்மேல் மக்காச்சோள மாவு மூட்டைகள், உள்ளே கம்பளி போர்த்திய தாய்மார்கள், மடியில் குழந்தைகள். அந்த ஓட்டுநர் இறங்கிவந்து, கேட்காமலேயே சக்கரத்துக்கு அடியில் கல் வைத்து உதவினார். நமக்கு இது விடுமுறை நாள் துணிச்சல். அவர்களுக்கு இது கடைக்குப் போகும் வழி. வழிகாட்டி அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, முதலில் அவர்களையே கடந்துபோக விட்டது எனக்கு நிறைவாக இருந்தது.

காத்திருந்த நேரத்தில் இந்தப் பாதையின் வரலாற்றை வழிகாட்டி வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தார். முன்பு இது கழுதைகளும் கோவேறு கழுதைகளும் நடந்த தடம். மேலிருந்து கம்பளியும் மோஹேர் எனப்படும் அங்கோரா ஆட்டு மயிரும் இறங்கும், கீழிருந்து தானியம் ஏறும். 1948இல், போர் விமானியாக இருந்த காட்ஃப்ரே எட்மண்ட்ஸ் என்பவர் ஒரு ஜீப்பில் முதன்முதலாக இதில் ஏறினார். 1955இல் டேவிட் அலெக்சாண்டர் தொடங்கிய போக்குவரத்து நிறுவனம் மேலே உள்ள மொகோட்லோங் ஊருக்குச் சரக்கு ஏற்றிச் செல்லத் தொடங்கியது. இன்று உச்சியிலிருந்து மொகோட்லோங் வரை லெசோத்தோ அரசு தார்ச்சாலை போட்டிருக்கிறது. ஆகவே கரடுமுரடான பகுதி எல்லை நிலையங்களுக்கு இடைப்பட்ட இந்தச் சில கிலோமீட்டர்தான். இதற்கும் தார் போட வேண்டும் என்ற திட்டம் நெடுங்காலமாகப் பேசப்படுகிறது. போட்டால் இந்த நிறுவனத்துக்குப் பிழைப்பு போகும், அந்தச் சிற்றுந்தில் இருந்த தாய்மார்களுக்கு வழி பிறக்கும். போடட்டும் என்றே நான் நினைக்கிறேன்.

உச்சியை அடைந்தபோது மணி ஒன்றேகால். திரும்பிப் பார்த்தால், ஏறிவந்த பாதை கீழே எறிந்த கயிறுபோல் கிடந்தது. காலின்கீழ் இருந்தது ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்குமுன் பூமி பிளந்து வழிந்து உறைந்த எரிமலைக் கருங்கல். காற்று குளிர்ந்திருந்தது, வெயில் மட்டும் சுட்டது. மாமியாருக்கு இலேசான தலைவலி வந்தது. இந்த உயரத்தில் பலருக்கும் வரக்கூடியது. மெதுவாக நடக்கவும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கவும் காலையிலேயே சொல்லியிருந்தார்கள். இரத்த அழுத்தம் உள்ள முதியவர்களை அழைத்துச் செல்கிறவர்கள் முன்னதாக மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. நாங்கள் கேட்டுக்கொண்டுதான் சென்றோம்.

மதிய உணவு சானி மவுண்டன் லாட்ஜ் விடுதியில். ஆப்பிரிக்காவின் மிக உயரமான மதுக்கூடம் என்ற புகழோடு அழைக்கப்படும் இடம் இது. எங்கள் குடும்பத்துக்கு மதுவில் நாட்டமில்லை. சூடான காய்கறி சூப்பும், ரொட்டியும், ரூய்போஸ் தேநீரும் எங்களுக்கு வேண்டிய அளவு கிடைத்தன. விளிம்பிலேயே கட்டிய அந்த மேடையில் உட்கார்ந்து சாப்பிட்டதை மாமியார் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதன்பின் லெசோத்தோ மக்களான பசோத்தோக்களின் அருகிலுள்ள குடியிருப்பில் ஒரு வீட்டைப் பார்க்க அழைத்துச் சென்றார்கள். கல்லால் கட்டி வைக்கோல் வேய்ந்த வட்ட வீடு அது. தரையை மெழுகியிருந்த விதத்தைப் பார்த்து மாமியார் குனிந்து தொட்டுப் பார்த்தார். டர்பனின் கேட்டோ மேனரில் தம் பாட்டி சாணம் மெழுகிய தரை நினைவுக்கு வந்ததாகச் சொன்னார். வீட்டுக்கார அம்மாள் இரும்புப் பானையில் சுட்ட ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தார். அந்த ரொட்டியின் மணமும் அவருடைய பொறுமையும் போற்றத் தக்கவை. ஆனால் முப்பத்தைந்து பேர் ஒரு சிறு வீட்டின் முன் கூடி நிற்பது விருந்தோம்பலுக்குச் செய்யும் மரியாதையாகாது. சிலர் கேட்காமலேயே குழந்தைகளைப் படம் எடுத்தார்கள். வழிகாட்டி அதைத் தடுத்திருக்க வேண்டும், தடுக்கவில்லை. எட்டு வண்டி என்ற எல்லையை மீறியதன் விளைவுகளில் இதுவும் ஒன்று. அந்த அம்மாளுக்குக் கொடுக்கப்பட்ட தொகை எவ்வளவு என்று கேட்டேன், நியாயமான தொகைதான். அங்கே ராண்டும் செல்லும். லெசோத்தோவின் மலோட்டிக்கு ராண்டுக்குச் சமமான மதிப்பு.

லெசோத்தோ நிலையத்தில் திரும்பு முத்திரை வாங்கிப் புறப்பட்டபோது மணி மூன்றே முக்கால். கீழ் நிலையம் மூட இரண்டேகால் மணி நேரம் இருந்தது. கணவாய் கிழக்கு நோக்கியது. ஆகவே பிற்பகலில் சூரியன் மலைச்சுவருக்குப் பின்னால் போய்விடும், பாதை முழுவதும் நிழலில் விழுந்துவிடும். காலையில் ஒவ்வொரு கல்லின் நிழலும் தெளிவாகக் காட்டிய அதே பாதை, இப்போது ஒரே சாம்பல் நிறமாக, மேடு பள்ளம் தெரியாமல் கிடந்தது. ஏறும்போது ஒரு மணி நேரம் விளக்கியவர், இறக்கத்துக்கு இரண்டே நிமிடம் பேசினார்: ஏறிய கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கை மிதிக்காதீர்கள், ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுங்கள். மூன்றும் சரியான சொற்கள். ஆனால் பதினொரு ஓட்டுநர்களில் பெரும்பாலோர் இதுபோன்ற சரிவில் அதுவரை இறங்கியதே இல்லை.

இறக்கம் ஏற்றத்தைவிடக் கடினமானது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். ஏறும்போது தவறு செய்தால் வண்டி நிற்கும். இறங்கும்போது தவறு செய்தால் வண்டி போகும். லோ ரேஞ்சில் முதல் கியரில் விட்டால் இயந்திரமே வண்டியைப் பிடித்து நிறுத்தி இறக்குகிறது. கால்கள் இரண்டையும் தரையில் வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கை மட்டும் கவனித்தால் போதும். அதற்கு வழியில்லாத வண்டி பிரேக்கை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும். தொடர்ந்து மிதித்தால் பிரேக் தட்டும் கட்டையும் சூடேறிப் பிடிப்பை இழக்கும். எண்ணெய் கொதித்துவிட்டால் மிதிகட்டை பஞ்சுபோல் உள்ளே போய்விடும்.

நான்காவது வளைவில் அந்தக் காரின் முன்சக்கரங்களிலிருந்து புகை வந்தது. எங்களுக்கு முன்னால் இரண்டாவதாக அது போய்க்கொண்டிருந்தது. கருகிய நாற்றம் எங்கள் வண்டிக்குள் வந்தது. உதவியாளர் வானொலியில் எல்லாரையும் நிற்கச் சொன்னார். எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு வண்டி நின்றது. நாங்களும் அண்ணனும் கடைசி வண்டியும் நின்றோம். அந்தக் காருக்கு முன்னால் சென்ற ஆறு வண்டிகளும் தலைமை வழிகாட்டியும் நிற்கவில்லை. மலை மறைத்ததால் வானொலி எட்டவில்லை என்று பிறகு விளக்கம் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் பின்வண்டி கண்ணாடியில் தெரியாவிட்டால் நிற்க வேண்டும் என்ற விதி வானொலி எட்டாத இடங்களுக்காகத்தானே இருக்கிறது? காலையில் அந்த விதியைச் சொல்லித்தந்தவரே மாலையில் மணியைப் பார்த்துக்கொண்டு அதை மறந்தார்.

அந்த இருபத்தைந்து நிமிடங்கள் உதவியாளர் தனி ஆளாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். சக்கரங்களுக்கு அடியில் கற்களை வைத்தார். யாரோ தண்ணீர் ஊற்றப் போனபோது, சூடான தட்டு வெடித்துவிடும் என்று தடுத்தார். காரில் இருந்த குழந்தைகளையும் அவர்களுடைய தாயையும் எங்கள் இரு வண்டிகளில் ஏற்றினார். பிரேக் ஆறிய பிறகு அவரே அந்தக் காரின் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார்; தம் வண்டியை என் அண்ணன் மகனிடம் கொடுத்தார், அவன் இத்தகைய வண்டிகளை வேலையிடத்தில் ஓட்டிப் பழகியவன் என்பதைக் கேட்டறிந்த பிறகே. அவர் கையாண்ட முறை எளியது: தாழ்ந்த கியரில் ஐம்பது மீட்டர் இறங்குவது, சமமான இடம் பார்த்து முழுதாக நிறுத்தி ஆறவிடுவது, மீண்டும் இறங்குவது. அவ்வப்போது அழுத்தமாக மிதித்து விட்டுவிட வேண்டும், மெல்ல மிதித்துக்கொண்டே இருக்கக் கூடாது என்று காரின் உரிமையாளருக்கு விளக்கிக்கொண்டே வந்தார். வழியில் ஒருமுறை ஏறிவந்த சரக்கு வண்டிக்காக எல்லாரையும் மலைப்பக்கம் ஒதுக்கி நிறுத்தினார். ஏறுகிற வண்டி நின்றுவிட்டால் மீண்டும் கிளம்புவது கடினம் என்பதால் வழி அவர்களுக்கே.

கீழ் நிலையத்தை அடைந்தபோது மணி ஐந்து ஐம்பது. முகப்பு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பத்து நிமிடம் பிந்தியிருந்தால், சிறு குழந்தைகளோடும் ஒரு முதியவரோடும் இரண்டு நாடுகளுக்கும் நடுவே இரவைக் கழித்திருப்போம். தலைமை வழிகாட்டி அங்கே காத்திருந்தார். தொடர் அறுந்ததற்காக எல்லாருக்கும் முன்னால் வருத்தம் தெரிவித்தார். அவர் மழுப்பாமல் பேசியதை நான் மதிக்கிறேன். அதன்பின் பதினொரு வண்டிகளின் டயர்களுக்கும் இருட்டில் அவரே காற்று நிரப்பினார்.

இந்தச் சேவையைப் பரிந்துரைப்பேனா என்று கோயிலில் இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். முதல்முறை மலைப்பாதையில் ஓட்டுகிறவர்கள் சானிக்குத் தனியாகப் போகக் கூடாது, இப்படி ஒரு வழிகாட்டியோடுதான் போக வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர்களுடைய பயிற்சி உண்மையான பயிற்சி. ஆனால் பணம் கட்டுவதற்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: மொத்தம் எத்தனை வண்டிகள், லோ ரேஞ்ச் இல்லாத வண்டியை ஏற்கிறார்களா, உச்சியிலிருந்து எத்தனை மணிக்கு இறங்கத் தொடங்குகிறார்கள். மூன்றாவது கேள்விக்கு இரண்டரை மணிக்குப் பிந்திய எந்தப் பதிலும் ஏற்கத்தக்கதன்று; நாள் குறுகிய ஜூன், ஜூலை மாதங்களில் அதற்கும் முன்னதாக இறங்க வேண்டும். வண்டியோட்ட விருப்பமில்லாதவர்களுக்கு அண்டர்பெர்க், ஹிமவில் ஊர்களிலிருந்து பயிற்சி பெற்ற ஓட்டுநர்களே ஏற்றிச் செல்லும் ஒரு நாள் பயணங்களும் இருக்கின்றன. முதியவர்களை மட்டும் அனுப்புவதானால் அதுவே மேல்.

என் கடிதத்துக்கு ஒரு வாரத்தில் பதில் வந்தது. வண்டிகளின் எண்ணிக்கையை இனி எட்டுக்கு மேல் கூட்டுவதில்லை என்றும், லோ ரேஞ்ச் இல்லாத வண்டிகளை ஹிமவிலிலேயே நிறுத்துவது என்றும், மதிய உணவுக்கு முன்பே குடியிருப்பைப் பார்த்துவிட்டு இரண்டு மணிக்கு இறங்கத் தொடங்குவது என்றும் எழுதியிருந்தார்கள். தலைமை வழிகாட்டி இனிமேல் இறக்கத்தில் முன்னால் போகாமல் கடைசி வண்டியில் வருவார் என்றும் இருந்தது. அது நான் கேட்காத திருத்தம், என் கேள்விகளைவிட நல்ல திருத்தம். ஃபீனிக்ஸைச் சேர்ந்த அந்த உதவியாளரின் பெயரைக் குறிப்பிட்டு நான் எழுதிய பாராட்டை அவரிடம் காட்டினார்களா என்று மட்டும் பதிலில் இல்லை. அதைத் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

அடுத்த முறை மேலே ஓர் இரவு தங்க வேண்டும், பொழுது விடிவதை அந்த மேடையிலிருந்து பார்க்க வேண்டும் என்பது மாமியாரின் ஆசை. அக்டோபர் மாதத்துக்கு இரண்டு நாள் பயணமாகக் கேட்டிருக்கிறோம். எட்டு வண்டிகளின் பட்டியலை ஒரு வாரம் முன்னதாக அனுப்புகிறோம் என்று அவர்கள் எழுத்தில் உறுதி தந்த பிறகே முன்பணம் கட்டினேன்.